நான் தலையாட்டியது அவருக்குத் தெரியாது

போன மாதம் என் பழைய மையத்திலிருந்து அனிதா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் அறை, என் நாற்காலி, சுவரில் ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் எல்லாவற்றையும் அவளிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது பாதிப் பேருக்குத் தொலைபேசியில்தான் மனநல ஆலோசனையாம். பிரிக்பீல்ட்ஸ் வரை வந்து கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட வீட்டில் இருந்தபடியே பேசுவது வசதி என்கிறார்களாம். வீடியோ போட்டாலும் கேமராவை அணைத்துவிடுகிறார்களாம்.

"முகமே தெரியல லா, ஆன்டி. நான் ஒழுங்கா உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா நான் கேக்குறேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டேன். மடியிலிருந்த முறுக்குத் தட்டு தரையில் போய் விழுந்தது. அறுபத்து நான்கு வயதில் இப்படியெல்லாம் துள்ளக் கூடாது என்று முட்டி உடனே ஞாபகப்படுத்தியது. என்ன செய்வது? பதினெட்டு வருட வேலையில் எனக்கு மிச்சமின்றித் தெரிந்த விடை ஒன்று உண்டென்றால் அது இந்தக் கேள்விக்குத்தான். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய ஒரு மனிதர் என் மண்டையில் உறைக்கும்படி சொல்லிக் கொடுத்தது அது. அனிதாவிடம் சொல்ல ஆரம்பித்தேன், அவளுடைய அடுத்த ஆள் வந்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. டெங்கில் பக்கம் இருபது வருடம் சுண்ணக்கட்டியும் கையுமாக நின்றேன். பிள்ளைகளைவிட அவர்களின் அம்மாக்கள்தான் என்னிடம் அதிகம் பேசினார்கள். பள்ளி வாசலில், மழையில், பைக் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே பேசினார்கள். அதில் ஆசை பிடித்து, சனிக்கிழமை வகுப்புகளாகப் படித்து, நாற்பத்தைந்து வயதில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய மையத்தில் சேர்ந்தேன். படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்த மையம் நம்பியது மனிதநேய உளவியலை. அதில் எனக்குப் பிடித்தது, எடுத்த எடுப்பிலேயே மனிதனை நோயாளியாகப் பார்ப்பதில்லை என்பது. எவ்வளவு நொறுங்கிப்போனவருக்குள்ளும் தனக்கு எது நல்லது என்று தேடிப் போகும் ஒன்று இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆலோசகர் நடிக்காமல், எடை போடாமல், அவர் பக்கம் நின்று கேட்டால் அது தானே எழுந்து நடக்கும். இவ்வளவுதான் சாரம். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. கடைப்பிடிக்கப் போனபோதுதான் முதுகு ஒடிந்தது.

ஏனென்றால் நான் டீச்சர். யாராவது வாயைத் திறந்து "மனசு சரியில்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் என்னிடமிருந்து புத்திமதி புறப்பட்டுவிடும். நம் ஆட்களிடம் இது ஊறிப்போன பழக்கம். கல்யாண வீட்டில் வரிசையில் நிற்பவரிடம் முதுகுவலி என்று சொல்லிப் பாருங்கள், சாப்பாட்டு மேசைக்குப் போவதற்குள் நான்கு வைத்தியமும் இரண்டு கோயிலும் கிடைக்கும். தொழிலின் பெயரே ஆலோசனை, ஆனால் முதல் விதி ஆலோசனை சொல்லாதே என்பது! என் மாமியார் கடைசி வரை இதை நம்பவில்லை. "பேசாம இருக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த விதியை எனக்குள் இறக்கியவர் மிஸஸ் டேனியல், மையத்தின் தலைவி. ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த மெதடிஸ்ட் குடும்பம். நல்ல உயரம், வெள்ளைப் புடவை, மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். வருபவரின் சம்மதத்தோடு ஒவ்வொரு சந்திப்பையும் ஒலிப்பதிவு செய்வோம். வெள்ளிக்கிழமை மதியம் மிஸஸ் டேனியல் பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீர் ஒரு கிளாஸோடு உட்கார்ந்து, கண்ணை மூடி, அதைக் கேட்பார். நான் புத்திமதி சொல்லும் இடம் வந்தால் விரலால் மேசையை ஒரு தட்டு. அவ்வளவுதான். என் முதல் பதிவுக்குப் பதினேழு தட்டு. அதற்கப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அர்ச்சனை நடக்கிறது என்று அர்த்தம்.

"புஷ்பா, அந்தம்மா பாவம், பேச வந்தாங்க. நீ பாடம் நடத்திட்டே."

ஆறு மாதத்தில் தட்டுகள் குறைந்தன. பேசுவதை நிறுத்தக் கற்றுக்கொண்டேன். நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுவது, கடிகாரம் எனக்குத் தெரிந்து அவர்களை உறுத்தாமல் இருப்பது, டிஷ்யூ பெட்டியை நீட்டாமல் கை எட்டும் தூரத்தில் வைப்பது எல்லாம் கைவந்தது. முக்கியமாக என் தலையாட்டல்! லேசாக முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்து, மெதுவாகத் தலையசைப்பேன். எதிரே இருப்பவர் தானாகத் திறந்துகொள்வார். தஞ்சாவூர் பொம்மை என்னிடம் பிச்சை வாங்க வேண்டும். எனக்கு அதில் கர்வமே வந்துவிட்டது.

அப்படி நான் கர்வத்தின் உச்சியில் இருந்தபோதுதான் ராஜா வந்தார். இது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரை மாத்திக்குங்க, நடந்ததை மாத்தாதீங்க" என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

வயது நாற்பத்தேழு. போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி முதலில் ஒரு கண்ணையும் எட்டு மாதத்தில் மறு கண்ணையும் எடுத்துக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்களுக்கான மசாஜ் பயிற்சியில் சேர்ந்திருந்தார். மனைவி சாந்தி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் கூட்டிவந்து, பயிற்சி முடியும்வரை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து, மறுபடி கூட்டிப்போவார். கணவர் வீட்டில் யாருடனும் பேசுவதில்லை என்று அவர்தான் எங்களிடம் அழைத்துவந்தார்.

சாந்தியைக் கீழே காத்திருக்கச் சொன்னேன். ராஜா பேசினார். பத்து நிமிடம், இரவில் நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று, ஒரு பதிலையும் எதிர்பாராதவர் மாதிரி பேசினார். பிறகு நிறுத்தினார். நான் மௌனத்துக்கு இடம் கொடுத்து, முன்னால் சாய்ந்து, மெதுவாகத் தலையாட்டினேன்.

"டீச்சர்... இருக்கீங்களா?"

நம்ப மாட்டீர்கள். நான் மறுபடியும் தலையாட்டினேன்! பழக்கதோஷம். அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கைத்தடியைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போயிட்டாங்க போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பி, "சாந்தி!" என்று கூப்பிட்டார்.

நான் பதறி எழுந்து "இருக்கேன், இருக்கேன்" என்றேன். அவர் முகம் மூடிக்கொண்டுவிட்டது. அடுத்த முப்பது நிமிடமும் "ஆமா", "இல்ல" தான்.

அந்த வெள்ளிக்கிழமை மிஸஸ் டேனியல் பதிவை முழுதும் கேட்டார். ஒரு தட்டுகூட இல்லை. கண்ணாடியை மட்டும் கழற்றினார்.

"இந்தப் பதிவுல நீயே இல்லையே, புஷ்பா. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். ஒரு மனுஷன் காலி ரூம்ல பேசிக்கிட்டு இருக்காரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. பேசாமல் இருப்பதுதான் கேட்பது என்று நான் நினைத்திருந்தேன். கேட்கிறேன் என்பது அவரிடம் போய்ச் சேராவிட்டால் நான் கேட்டு என்ன பயன்?

அடுத்த முறை ராஜா உட்கார்ந்ததும் உண்மையைச் சொன்னேன். "போன வாரம் நீங்க கேட்டப்போ நான் இங்கதான் இருந்தேன். தலையாட்டினேன். ரெண்டு தடவை."

அவர் சிரித்தார் பாருங்கள், கீழே தையல் மிஷின் நின்றுவிட்டது.

"டீச்சர், லோரிய ரிவர்ஸ் எடுக்கறப்போ கெலிண்டான் பின்னால நின்னு சும்மா கைய ஆட்டுனா எனக்கு என்னா தெரியும்? சத்தம் குடுக்கணும். வா, வா, வா, இடது ஒடி, ஸ்டாப்! ஆனா அவன் ஸ்டியரிங்க புடிக்கக் கூடாது. லோரி ஓட்டுறது நான்தான்."

லோரியில் கூடப் போகும் உதவியாளைத்தான் கெலிண்டான் என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதிக் கோடு போட்டேன். சத்தம் கொடு, ஸ்டியரிங்கைப் பிடிக்காதே. மூன்று வருடம் படித்தும் எனக்குப் பிடிபடாதது! அன்றிலிருந்து அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே திருப்பிச் சொன்னேன். "வீட்ல எல்லாரும் உங்க முன்னாடி மெதுவாப் பேசுறாங்க." "ஆமா டீச்சர், செத்த வீடு மாதிரி." நான் ஒரு அடி பின்னால் நின்று குரல் கொடுக்கக் கொடுக்க, அவர் ஓட்டிக்கொண்டு போனார்.

ஐந்தாவது வாரம் போய்ச் சேர்ந்த இடம் இதுதான். "என்னை சாந்தி பார்சல் மாதிரி காலையில எறக்கி வெச்சுட்டு சாயங்காலம் தூக்கிட்டுப் போறா. தடியப் புடிச்சு நடக்கக் கத்துக்கிட்டேன். சொல்லிக் குடுத்தவரே நீ தனியாப் போகலாம்னுட்டாரு. ஒரு நாளாவது நானே கிள்ளான்ல ஏறி, நானே இங்க வந்து எறங்கணும். அது முடியலன்னா இந்த மசாஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்லயே கெடந்துடுறேன்."

அவர் மிரட்டவில்லை. கணக்குத் தீர்த்துப் பேசுகிற குரல் அது. இந்த மனிதர் எழுந்து நடப்பாரா, படுத்துவிடுவாரா என்பது அந்த ஒரு ரயில் பயணத்தில் இருந்தது.

அன்று மாடிப்படியில் சாந்தி என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், நீங்க சொன்னாக் கேப்பாரு. வேணாம்னு சொல்லுங்க. தண்டவாளத்துல விழுந்துட்டா நான் யாருகிட்டப் போவேன்?"

புத்திமதி சொல்லமாட்டேன் என்று கம்பீரமாக மறுத்தேன். மிஸஸ் டேனியல் கேட்டிருந்தால் பூரித்திருப்பார். ஆனால் சாந்தி அழ ஆரம்பித்தார். ஒல்லியான கை, வீங்கிய கண், ஒன்றரை வருடத் தூக்கமின்மை. என் வாயிலிருந்து அது வந்தேவிட்டது.

"தனியா அனுப்புங்க. நானும் கிள்ளான்தானே. அவருக்குத் தெரியாம பின்னாலயே வந்து நான் பாத்துக்கறேன்."

வேறு நாட்டில், வேறு மனிதர்களிடம் இந்தத் தவறு நடக்குமா தெரியாது. நம்மிடையே இதற்குப் பெயர் பாசம். பிள்ளையைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டு, பேருந்தின் பின்னால் காரில் போகும் அப்பாக்கள் நம் ஆட்கள். எனக்கு அந்த நிமிடம் அது தவறு என்றே தோன்றவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

"சாந்தி ஒத்துக்கிட்டா டீச்சர்!" என்று ராஜா தொலைபேசியில் கூவினார். "செவ்வாக்கெழமை!" நான் "ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க" என்று அவர் உணர்வைத் திருப்பிச் சொன்னேன். தொழில்முறைப்படி மிகச் சரி. மனசாட்சிப்படி?

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் ஸ்டேஷன். கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சத்தம் வராத ரப்பர் செருப்பு. ராஜா இஸ்திரி போட்ட சட்டையில், மழித்த முகத்தோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தார். தடியால் பிளாட்பாரத்தின் விளிம்பைத் தொட்டு, இரண்டடி பின்வாங்கி நின்றார். ரயில் வந்தது, கதவின் ஓசை கேட்டு ஏறினார். யாரோ இடம் கொடுத்தார்கள், உட்காரவில்லை. ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று ஒவ்வொரு அறிவிப்புக்கும் அவர் உதடு அசைந்தது. நான் எட்டடி தள்ளி, கம்பியைப் பிடித்தபடி, மூச்சுவிடப் பயந்து நின்றேன். அவர் கே.எல். சென்ட்ரலில் சரியாக இறங்கியபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது!

அங்கிருந்து தெருவில் பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் ஓடுகளின் கோட்டைப் பிடித்து நடந்தார். பூக்கடை தாண்டினார், பலகாரக் கடை தாண்டினார். அதற்கடுத்து, கோட்டின் குறுக்கே யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். தடி டயரில் பட்டது. நின்றார். தடியை வலப்பக்கம் நீட்டித் தொட்டுப் பார்த்தார். வலப்பக்கம் சாலை. ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"ராஜா! இடது!" என்று கத்திவிட்டேன்.

அவர் அதற்குள் தடியைத் திருப்பி இடப்பக்கம் வைத்துவிட்டிருந்தார். நான் பார்த்தேன், கத்திக்கொண்டே பார்த்தேன். என் கத்தலில் திடுக்கிட்டுக் காலை எடுத்துவைத்து, கணுக்காலை மோட்டார் சைக்கிளில் இடித்துக்கொண்டார்.

திரும்பவில்லை. அப்படியே நின்று கேட்டார், "எத்தனை பேரு வந்திருக்கீங்க?"

"நான் மட்டும்தான்..."

"கிள்ளான் ஸ்டேஷன்லயே தைலம் வாசம் வந்துச்சு. உங்களா இருக்காதுன்னு நெனச்சேன், டீச்சர்."

மூக்கடைப்புக்கு நான் தினமும் பூசும் தைலம். வளையலைக் கழற்றியவளுக்கு அது ஞாபகமில்லை. அவர் நொண்டிக்கொண்டே நடந்துபோனார். எங்கள் சந்திப்பு நாளான அந்த வியாழன் என்னிடம் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. பயிற்சிக்கும் போவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார் என்று சாந்தி அழுதார்.

மிஸஸ் டேனியலிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு அந்த ரயில்ல பயந்தது யாரு?"

"நான்தான்."

"அவரு?"

"அவரு பயப்படல. நான்தான் அவரை நம்பல."

"அப்ப அதை அவருகிட்டப் போய்ச் சொல்லு. வீட்டுக்குப் போயி நிக்காதே, மறுபடியும் பின்னால போன மாதிரி ஆயிடும். போன் பண்ணு. எடுக்கறதா வேணாமான்னு அவரு முடிவு பண்ணட்டும்."

மூன்றாவது நாள் எடுத்தார். ஹலோகூட சொல்லவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பேசினேன். "உங்க கையால நீங்க இடது பக்கம் கண்டுபுடிச்சிட்டீங்க. நான் பாத்தேன். அப்பவும் கத்தினேன். உங்களுக்காக இல்ல, என் பயத்துக்காக. நீங்க ஜெயிச்ச அன்னைக்கு நான் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்கு எனக்கு வாய் இருக்கு, உரிமை இருக்கான்னு தெரியல."

சத்தமே இல்லை. மூச்சும் கேட்கவில்லை. ஐந்து நொடி, பத்து நொடி. என் வாயிலிருந்து தானாக வந்தது.

"ராஜா... இருக்கீங்களா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு தனிமையானது என்று தெரிந்தது. எதிரே ஆள் இருப்பது தெரியாமல் மனதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது, அப்பப்பா!

"தலையாட்டிக்கிட்டுத்தானே இருக்கேன் டீச்சர்," என்றார் ராஜா. "தெரியலையா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருக்கும்தான், கேட்டது. பிறகு சொன்னார், "வியாழக்கெழமை வரேன். தனியா. நீங்க எங்க இருப்பீங்க?"

"மாடியில. என் நாற்காலியில."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த வியாழக்கிழமையைச் சொல்வதற்கு முன் வேறு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ராஜா இப்போது பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் செய்கிறார். நல்ல பெயர், முன்கூட்டிச் சொல்லாமல் போனால் இடம் கிடைக்காது. இன்னொன்று என் வீட்டு விஷயம். அலுவலகக் கதையை என் கணவர் சொல்லும்போது நான் காய் நறுக்கிக்கொண்டே உள்ளுக்குள் தலையாட்டிய வருடங்கள் எத்தனை! இப்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் உங்களை மதிக்காமப் பேசிட்டான்" என்று ஒரு வரி சத்தமாகச் சொல்கிறேன். மனிதர் முப்பது வருடமாகச் சொல்லாததையெல்லாம் சொல்கிறார். பட்டமோ வகுப்போ தேவையில்லாத வைத்தியம் இது, யார் வேண்டுமானாலும் இன்றிரவு சாப்பாட்டின்போதே செய்து பார்க்கலாம்.

வியாழக்கிழமை. பத்து மணிக்குச் சந்திப்பு. ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டேன். தைலம் பூசவில்லை, பிறகு அதுவும் ஒரு ஒளிவுமறைவுதானே என்று தோன்றி எடுத்துப் பூசிக்கொண்டேன். என் நாற்காலியிலிருந்து நாலடியில் ஜன்னல். எட்டிப் பார்த்தால் தெருமுனை வரை தெரியும். பத்தாயிற்று, பத்தேகால் ஆயிற்று. கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுவதைக் கழித்துக் கழித்துப் பார்த்தேன். பஸ்ஸின் ஹாரன் கேட்டபோதெல்லாம் உடம்பு எழுந்தது, நான் நாற்காலியின் கைகளைப் பிடித்து அதை உட்காரவைத்தேன். பதினெட்டு வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அந்த ஜன்னலுக்குப் போகாமல் இருந்ததுதான்.

பத்து இருபத்தைந்துக்குக் கீழே படியில் தடியின் சத்தம். டொக். டொக். இருபத்திரண்டு படி. ஒவ்வொன்றையும் எண்ணினேன். அதே நேரத்தில் கிள்ளானில் சாந்தி போனைக் கையில் பிடித்தபடியே சோபாவில் தூங்கிப்போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் தூங்கினாராம்.

கதவருகில் வியர்வையில் நனைந்த சட்டையோடு ராஜா வந்து நின்றார். மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு, அதை அடக்கப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், இருக்கீங்களா?"

"இருக்கேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே தையல் மிஷின் மறுபடியும் நின்றது.